பூனைக்காலுக்கு அடித்த மணி

ஜனவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

நான் காலமாகிவிட்டதாகப் பேப்பரில் பார்த்தேன். மற்றபடி இங்கு நலம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது?

பேப்பர் என்னுடையது இல்லை. ஹோட்டலில் தங்கிய யாரோ படுக்கை விரிப்போடு சேர்த்துச் சுருட்டிப் போட்டது எங்கள் சலவைக் கூடத்துக்கு வந்தது. உதறினேன், விழுந்தது. கடைசிப் பக்கத்தின் கீழ் மூலையில் நாலு வரி. 'முன்னாள் குத்துச்சண்டை வீரர் பூனைக்கால் மறைவு. ரசிகர்கள் பத்து முறை மணியடித்து அஞ்சலி.' மணியடித்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிப்போ டைம் கீப்பர் என்றும் போட்டிருந்தது. சொந்த அக்கா புருஷன் கையாலேயே வழியனுப்பப்பட்டிருக்கிறேன். எத்தனை பேருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை.

நடந்தது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. நான் செய்தது ஒன்றுதான். பழைய அறை நாலாவது மாடி, முழங்கால் ஒத்துழைக்கவில்லை, தரைத்தளத்தில் ஓர் அறை கிடைத்ததும் மாறிவிட்டேன். உங்களுக்கு எழுதாதது தப்புதான். போன் பண்ணியிருக்கலாமே என்பீர்கள். இடது காது முழுக்கப் போய்விட்டது. வலது காதில் போனை வைத்தால் யார் பேசினாலும் மழை பெய்கிற மாதிரி இருக்கிறது. இனிமேல் எனக்குக் கடிதம்தான்.

குத்துச்சண்டை ரசிகர் மன்றத்தில் நான் உயிரோடு இருப்பதைச் சொல்லிவிடுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை, இந்த ஞாயிறு சொன்னால் போதும்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 21

மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

நன்றாக இருப்பாய். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தபால்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். 'கெட்ட சேதியாய்யா?' என்று கேட்டார். என்னத்தைச் சொல்வது?

உனக்கு எழுதிய கடிதம் டிசம்பர் கடைசியில் திரும்பி வந்தது. உறை மேல் சிவப்பு மையில் 'பெறுபவர் காலமானார்' என்று எழுதியிருந்தது. பிறகு விசாரித்ததில் செத்தது உன் பக்கத்து அறைப் பெரியவர் என்று தெரிகிறது. உங்கள் ஊர் தபால்காரர் அந்த மாடிக்கு வந்த கடிதம் அத்தனைக்கும் காரியம் பண்ணி அனுப்பியிருக்கிறார். நான் இன்னொரு வாரம் பொறுத்திருக்கலாம். ஆனால் மன்றத்து வழக்கம் உனக்குத் தெரியும். சேதி வந்த முதல் ஞாயிறே அடித்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அது அவமரியாதை. உன் விஷயத்தில் மரியாதை கொஞ்சம் முந்திக்கொண்டது. விடு, இருக்கிறவனை இல்லை என்றால் ஆயுசு கூடும் என்பார்கள். உனக்கு ஆயுசு கெட்டி.

அன்றைக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வழக்கமாக அச்சகத்து மாடியில் ஏழெட்டுப் பேர்தான் நாற்காலியைத் தேய்ப்போம். உனக்கு அறுபது பேருக்கு மேல் வந்தார்கள். படியெல்லாம் ஆள்.

வருகிற ஞாயிறு சொல்லிவிடுகிறேன்.

'எல்லாரையும்' என்று எழுதியிருக்கிறாய். இங்கே எல்லாரும் என்றால் நான் ஒருத்தன்தான். உன் அக்கா போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. அவள் அறையைப் பூட்டியபடியே வைத்திருக்கிறேன்.

மாமா


பிப்ரவரி 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அறுபது பேரா? கொஞ்சம் கூட்டிச் சொல்கிறீர்களா? யார் யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று விவரமாக எழுதுங்கள். செத்தவன் கேட்கக் கூடாத கேள்வி, ஆனாலும் கேட்கிறேன்.

பூட்டு ரிப்பேர்காரர் வந்தாரா? முப்பது வருஷமாக என் எதிராளி உலக்கையின் பக்கம் பேசுகிறவர் ஆயிற்றே. உலக்கை என்னை ஆறாவது சுற்றில் விழத்தட்டியதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? நான் ஒன்பது எண்ணும்போதே எழுந்துவிட்டேன் என்று நம் ஆட்களும், பத்துக்குத்தான் எழுந்தேன், அப்போதே தோல்விதான் என்று அவரும் இன்னும் மல்லுக்கட்டுகிறீர்களா?

இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. பேப்பரைப் பார்த்த பிறகு ஏனோ வாய் அரித்தது. என்னோடு இஸ்திரி உருளை இயந்திரத்தில் விரிப்புப் பிடிக்கிற அம்மாவிடம், நான் ஒருகாலத்தில் குத்துச்சண்டை வீரன், பெரிய பேர் எனக்கு என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். 'அதான் மூக்கு அப்படி இருக்கா? சரி, அந்த மூலையை இழுத்துப் பிடிங்க, சுருங்குது' என்றார். அவ்வளவுதான் என் சரித்திரம்.

மன்றத்தில் சொன்னதும் என்ன சொன்னார்கள்? சிரித்திருப்பார்கள். யாராவது ரெண்டு வரி எழுதச் சொல்லுங்கள். யாராக இருந்தாலும் பரவாயில்லை. புது முகவரி மேலே இருக்கிறது.

மாப்பிள்ளை


பிப்ரவரி 27

மாப்பிள்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே, சளி.

கூட்டிச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஞாயிறுதோறும் முப்பது பேருக்குக் குறையாமல் வருகிறார்கள். முறையெல்லாம் பழையபடிதான். ஒரு பக்கத்துக்கு ஒருத்தர் எழுந்து சண்டையைச் சுற்றுச் சுற்றாகச் சொல்ல வேண்டும், மூன்று நிமிஷம் ஆனதும் நான் மணியடிப்பேன், வாக்கியம் பாதியில் நின்றாலும் நின்றதுதான். இடையில் ஒரு நிமிஷம் டீ. முன்னெல்லாம் வாரத்துக்கு ஒரு சண்டை மாற்றுவோம். இப்போது உன்னுடையதைத் தவிர வேறு எதையும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.

போர்டு எழுதுகிறவர் உன்னை ஆளுயரத்துக்கு வரைந்து சுவரில் சாத்தியிருக்கிறார். மூக்கு மட்டும் நேராக வந்துவிட்டது. 'செத்தவருக்கு அந்தச் சலுகைகூட இல்லியா?' என்கிறார். ஒரு நர்ஸ் வருகிறார். அவருடைய அப்பா உன் ரசிகர், போன வருஷம் தவறிவிட்டாராம். வரும்போதெல்லாம் பன் வாங்கி வருகிறார். பூட்டுக்காரர்தான் பேச்சைக் குறைத்துவிட்டார். எதிராளி செத்த பிறகு ஜெயித்தவன் பக்கம் பேச நாக்கு கூசுகிறதாம்.

கூட்டம் முடிந்தும் யாரும் போவதில்லை. என்னைச் சுற்றி உட்கார்ந்து, 'நீங்க அவரு வீட்டுல பொண்ணு எடுத்தவராச்சே, சின்ன வயசுல எப்படி இருப்பாரு, சொல்லுங்க' என்று கேட்கிறார்கள். சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அந்த விஷயத்தைச் சொல்லலாம் என்று எழுந்தேன். கரண்ட் போய்விட்டது. வருகிற வாரம் பார்க்கலாம்.

மாமா


மார்ச் 11

மாமாவுக்கு,

வணக்கம். இங்கு நலம்.

யாரிடமிருந்தும் கடிதம் வரவில்லை. சொன்னீர்களா, இல்லையா?

மாப்பிள்ளை


ஏப்ரல் 16

மாப்பிள்ளைக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சளி என்று எழுதியது பொய். கரண்ட் போனது நிஜம், ஆனால் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் படியேறும்போது சொல்லிவிடுவது என்றுதான் ஏறுகிறேன். மேலே போனால் முப்பது முகம் திரும்பி என்னைப் பார்க்கிறது. 'வாங்க வாங்க' என்று ஒருத்தர் நாற்காலியைத் துடைக்கிறார். அவ்வளவுதான், மென்று முழுங்கிவிடுகிறேன். முதல் வாரமே சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இப்போது புலிவாலைப் பிடித்த கதையாகிவிட்டது.

நீ திட்டலாம். திட்டுவதற்கு முன்னால் என் வீட்டை ஒரு தடவை நினைத்துப் பார். காலையில் ஒரு ஆளுக்குச் சமைக்கிறேன். எத்தனை சின்னப் பாத்திரமாக இருந்தாலும் மிஞ்சுகிறது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்று எந்த வண்டி லேட் என்று பார்க்கிறேன். அங்கே எனக்கு வேலை இல்லை, சும்மா பார்க்கிறேன். புதிதாக வந்த டைம் கீப்பர் பையன், 'யாரையாவது ஏத்திவிட வந்தீங்களா சார்?' என்று கேட்கிறான். திங்களிலிருந்து சனி வரை நான் பேசுகிற பேச்சு அவனுக்குச் சொல்லும் பதில்தான். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நீ செத்த பிறகுதான் எனக்கு மனுஷாள் வந்தார்கள்.

உன்மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. மூன்று கடிதம் எழுதிவிட்டாய். பூட்டுக்காரரை விசாரித்தாய். உன் அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் போனபோது தந்தி மாதிரி ரெண்டு வரிச் சேதி அனுப்பினேன், நீ வரவில்லை. ஏன் என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. வீட்டில் உன்னைத் தவிர அவளைத் தெரிந்தவர்கள் யாரும் மிச்சமில்லை, அதனால் சொல்கிறேன்.

மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்கள். நான் எங்கேயும் ஏறவில்லை, அந்த அச்சகத்துப் படியைத் தவிர. நீயே வந்து நில். பக்கத்தில் நீ நின்றால் சொல்லிவிடுவேன்.

மாமா


மே 6

மாப்பிள்ளைக்கு,

நலமா? பதில் இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்றிலிருந்து வேறு பயம் வந்துவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? ஏற்கெனவே சொன்னதாயிற்றே என்பார்கள்.

வெறும் கார்டு போட்டாலும் போதும்.

மாமா


மே 22

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நலமாக இருப்பதை நீங்களே பார்த்தீர்கள்.

போன ஞாயிறு விடிகாலை பஸ்ஸில் வந்தேன். நேராக அச்சகத்துக்குப் போனேன். படியில் ரெண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினேன். உள்ளே நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் தெரியவில்லை, மாமா. என் எதிரே ஆளுயரத்துக்கு நான் நிற்கிறேன், இடுப்பு அத்தனை சிறியதாக, மூக்கு நேராக. அதைப் பார்த்துவிட்டு வழுக்கைத் தலையும் தொந்தியுமாக நிற்கிற என்னைப் பார்த்தால் யாருக்குத் தெரியும்? நீங்கள் மணிக்குப் பக்கத்தில் குனிந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நர்ஸ் அம்மா ஒரு நாற்காலி போட்டார். 'மொத தடவையா வர்றீங்களா?' என்றார். ஆமாம் என்றேன். பன் கொடுத்தார். நல்ல பிள்ளை.

பக்கத்து நாற்காலி பூட்டுக்காரர். அவருக்கும் தெரியவில்லை. என் வலது பக்கம் இருந்தார், அதனால் அவர் பேசியது கேட்டது. ஆறாவது சுற்று ஆரம்பித்து எனக்காகப் பேசுகிறவர் எழுந்து சொல்லச் சொல்ல அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பூட்டுக்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

'புதுசா? ஒரு விஷயம் சொல்றேன், வெளியில சொல்லிடாதீங்க. அவன் ஒம்பதுலயே எழுந்துட்டான். நான் ரிங்குக்குப் பக்கத்துல உக்காந்து பாத்தவன்.'

'பின்ன எதுக்குப் பத்துன்னு சண்டை போடுறீங்க?'

'நானும் ஒத்துக்கிட்டா அப்புறம் ஞாயித்துக்கிழமை எனக்கு இங்க என்னய்யா வேலை?'

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு அந்த ஆறாவது சுற்றே நினைவில் இல்லை. அடி விழுந்ததும் தெரியாது, எழுந்ததும் தெரியாது. மறுநாள் காலையில் அக்கா வீட்டில் கண் விழித்ததிலிருந்துதான் நினைவு. ஒன்பதா பத்தா என்று என்னைக் கேட்டுவிடுவார்கள் என்று பயந்துதான் அந்த ஊரைவிட்டே போனேன். முப்பது வருஷம் கழித்து பன் தின்றுகொண்டே தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் நீங்கள் நிமிர்ந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மணியடிக்கிற கை தூக்கியபடியே நின்றுவிட்டது. மூன்று நிமிஷம் தாண்டி சுற்று ஓடிக்கொண்டே இருந்தது. யாரோ 'மணி, மணி' என்று கத்திய பிறகுதான் அடித்தீர்கள். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் தாமதமாக அடித்த ஒரே மணி அதுவாகத்தான் இருக்கும்.

டீ நேரத்தில் எழுந்து வெளியே வந்தேன். உங்களைச் சங்கடப்படுத்த வரவில்லை. கூப்பிடுவீர்கள் என்று படியில் கொஞ்ச நேரம் நின்றேன். மறுபடியும் மணி அடித்தது. ஏழாவது சுற்று ஆரம்பித்துவிட்டது. சரி என்று இறங்கிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை


ஜூன் 15

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை மூன்று வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். பதில் எழுத எனக்கு யோக்கியதை வர வேண்டுமே. இப்போது வந்திருக்கிறது.

ஏழாவது சுற்றுக்கு மணியடித்தது நான்தான். நீ படியில் நிற்பாய் என்று எனக்குத் தெரியும். முழங்கால் வலிக்காரன் அதற்குள் எப்படி இறங்கியிருப்பாய்? தெரிந்தும் அடித்தேன். அடித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், வந்துவிட மாட்டாயா என்று.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு சொல்லிவிட்டேன். மேலே போய் உட்காராமல், நின்றபடியே. 'பூனைக்கால் உயிரோட இருக்கான். ஜனவரியிலருந்தே எனக்குத் தெரியும். மே மாசம் இங்க வந்து உக்காந்துட்டுப் போனான்' என்றேன்.

முதலில் போர்டு எழுதுகிறவர் போய்ப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். யாரோ பின்னாலிருந்து, 'அழ வச்சிட்டியேய்யா, நிஜமா அழுதேனே' என்றார். நர்ஸ் பக்கத்தில் வந்தார். அந்தப் பெண் சத்தம் போட்டிருந்தால் தேவலை. 'உங்க மேல கோபம் இல்ல. ஆனா இனிமே மணி உங்க கையில வேண்டாம்' என்று என் கையிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் சரி என்று தலையாட்டினார்கள். எனக்காகப் பேச ஒருத்தர் எழவில்லை. பூட்டுக்காரர் மட்டும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'அய்யய்யோ, அவன்கிட்டயேவா சொன்னேன்' என்று முனகிக்கொண்டே இருந்தார்.

மன்றம் நடக்கிறது. நர்ஸ் மணியடிக்கிறாராம், நேரம் தவறுவதில்லையாம். நான் போவதில்லை. நேற்று ஞாயிறு. குளித்து, சட்டை போட்டு, பொத்தான் மாட்டி, நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம் என்ன செய்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உன் அக்கா அறையைத் திறந்துவிட்டேன். ஜன்னல் துருவேறிப் போயிருந்தது, தட்டித்தான் திறக்க வந்தது. கட்டில் நன்றாக இருக்கிறது, தரைத்தளம்தான், படி கிடையாது. குத்துச்சண்டை வீரனை நான் கூப்பிடவில்லை. அவனுக்கு அங்கே முப்பது பேர் இருக்கிறார்கள். நான் என் மனைவியின் தம்பியைக் கூப்பிடுகிறேன். அவனுக்கும் என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நினைக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துவிடு.

மாமா


ஜூன் 23

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம்.

அக்காவைப் பற்றி ஒரு வரி இல்லை என்று எழுதியிருந்தீர்கள். எழுதுகிறேன். உங்கள் சேதி வந்த அன்றே பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸிலும் ஏறிவிட்டேன். நான் எப்போது வந்தாலும் கதவைத் திறந்தது அக்காதான். தோற்று வந்தபோதும் அவள்தான் திறந்தாள், ஒன்றும் கேட்காமல் வெந்நீர் வைத்தாள். இனி அந்தக் கதவை யார் திறப்பார்கள் என்று பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது தோன்றியது. பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். அங்கே நீங்கள் ஒருத்தர் தனியாக இருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மாமா. இதுதான் காரணம், இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சலவைக் கூடத்தில் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். விரிப்புப் பிடிக்கிற அம்மா, 'யார் இருக்கா உங்களுக்கு அங்க?' என்று கேட்டார். மாமா இருக்கார் என்றேன்.

மன்றத்துக்கு நாம் போக வேண்டாம். பூட்டுக்காரர் வீட்டுக்கு வந்தால் வரட்டும்.

முதல் தேதி மதியம் வந்து சேர்வேன். பஸ் ஸ்டாண்டுக்கு வராதீர்கள். வீட்டில் இருங்கள். நான் வந்து தட்டுகிறேன், நீங்கள் வந்து திறங்கள்.

மாப்பிள்ளை